அந்த போஸ்டரையும் சேர்த்து எடுங்க!

ஞாயிறு விடிகாலை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீனுக்கு வந்தவர் யார், படத்துக்கு வந்தவர் யார் என்று தெரிந்துகொள்ளக் கழுத்தில் கேமரா தொங்குகிறதா என்று பார்க்க வேண்டாம். காலைப் பாருங்கள். மீனுக்கு வந்தவர் ரப்பர் செருப்போடு ஐஸ் தண்ணீரிலேயே மிதித்துப் போவார். படத்துக்கு வந்தவர் ஷூ நனையாத இடமாகத் தேடித் தேடித் தாண்டிக்கொண்டிருப்பார். அவர் லென்ஸ் மூடியைக் கழற்றுவதற்குள் ஏலம் முடிந்து வஞ்சிரக் கூடை கை மாறியிருக்கும்.

"இன்னா தம்பி, பேப்பர்ல வருமா?" என்பார் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா.

"இல்லக்கா, சும்மா ஆசைக்குத்தான்."

இப்படி 'சும்மா ஆசைக்கு' கிளம்புகிற கூட்டத்தைச் சென்னையில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் செய்தி வரும்: காலை 5.30, ராயபுரம் ஸ்டேஷன் வாசல். ஐடி கம்பெனிப் பையன்கள், பேங்க் அதிகாரி, பல் டாக்டர், விஸ்காம் படிக்கும் பெண்கள், ரிட்டயர் ஆனபின் முதல் கேமரா வாங்கிய ஒரு பெரியவர் என்று கலவையாக வந்து சேர்வார்கள். பாதிப் பேருக்குப் பாதிப் பேரின் பெயர் தெரியாது. ஆனால் யார் கையில் எந்த லென்ஸ் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். இதற்குப் பெயர் போட்டோ வாக். 2008-ல் அமெரிக்கரான ஸ்காட் கெல்பி உலகம் முழுக்க ஒரே நாளில் இப்படி நடக்கலாம் என்று ஆரம்பித்துவைத்தார். அது நம்மூருக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. இன்னொரு வகை, குடும்பத்தோடு வருகிறவர்கள். அப்பா கையில் கேமரா, அம்மா கையில் தண்ணீர் பாட்டில், பிள்ளைகள் கையில் போன், தாத்தாவுக்கு எங்கே உட்காரலாம் என்ற கவலை.

இரண்டு வகையையும் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. முதல் வகையினர் அழகான படம் எடுக்கிறார்கள். ஆனால் முப்பது வருஷம் கழித்து இந்த நகரத்துக்கு உதவப்போவது இரண்டாம் வகையினரின் படம்தான்.

செத்த காலேஜ், உயிர் காலேஜ்

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் மெட்ராஸுக்கு வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். மே மாத லீவு. 1959-ல் கட்டி முடித்த எல்ஐசி கட்டடத்தின் பதினான்கு மாடியையும் அண்ணாந்து எண்ணியாக வேண்டும். எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட்டை ஒட்டியிருந்த மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. அப்புறம் பீச், அண்ணா சமாதி. பின்னாளில் எம்.ஜி.ஆர். சமாதியும் சேர்ந்தது, கல்லில் காதை வைத்து வாட்ச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வரிசை நிற்கும். இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு ஃபிலிம் ரோல். அக்ஃபா கிளிக் என்றால் பன்னிரண்டே படம். யாஷிகா வைத்திருந்த வசதியான மாமா என்றால் முப்பத்தாறு. பார்த்துப் பார்த்துச் சுற்றினால் முப்பத்தேழாவதும் விழும். கறுப்பு வெள்ளை என்றால் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ரோல். ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

அந்தக் கஞ்சத்தனத்தில் ஒரு சட்டம் இருந்தது. ஆள் இல்லாமல் கட்டடத்தை மட்டும் எடுத்தால் 'ஃபிலிம் வேஸ்ட்' என்று திட்டு விழும். எனவே எல்லாப் படத்திலும் அத்தை நிற்பாள், சித்தப்பா நிற்பார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு குழந்தை நிற்கும். அவர்களுக்குப் பின்னால், யாரும் திட்டமிடாமல், ஊர் நிற்கும்.

மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்துபோனது. அதே ஆண்டு உயிர் காலேஜ் வண்டலூருக்குப் போய்விட்டது. மெரினாவின் சீரணி அரங்கத்தை 2003-ல் இடித்தார்கள். காரில் உட்கார்ந்தபடியே நெய் ரோஸ்ட் சாப்பிட்ட உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-ல் மூடப்பட்டு, இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா இருக்கிறது. சென்ட்ரல் அருகே இருந்த பழைய மத்திய சிறையை 2009-ல் இடிப்பதற்கு முன் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள்; குடும்பம் குடும்பமாகப் போய் கம்பிக்குப் பின்னால் நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அது கொஞ்சம் அபத்தமாகத் தெரிந்தது. இன்றைக்கு அந்தச் சுவரின் காரை எப்படி இருந்தது, கதவின் உயரம் என்ன என்று பார்க்க அந்தச் சிரிப்புப் படங்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. பக்கத்தில் ஒரு ஆள் நிற்பதால்தான் கதவின் உயரமே தெரிகிறது.

இப்போதைய போட்டோ வாக் நண்பர்கள் இதற்கு நேரெதிர். ஆள் போகட்டும் என்று காத்திருப்பார்கள். சுவரொட்டி தெரிந்தால் ஃப்ரேமை நகர்த்துவார்கள். கேபிள் வயரை வீட்டுக்கு வந்து போட்டோஷாப்பில் அழிப்பார்கள். குப்பைத் தொட்டி, மெட்ரோ தடுப்புத் தகரம், கட்சிக் கொடி, ஆட்டோ எதுவும் இருக்காது. படம் காலண்டருக்குக் கொடுக்கலாம், அவ்வளவு சுத்தம். எந்த வருஷம் எடுத்தது என்று மட்டும் சொல்ல முடியாது.

நேப்பியர் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவு விளக்கில், கூவத்தில் வளைவுகளின் நிழல் விழ, ட்ரைபாட் போட்டு எடுத்த படம் சென்னையில் கேமரா வாங்கிய ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும். எல்லாம் ஒரே படம். ஆனால் 2022-ல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடுக்காக அந்தப் பாலம் முழுக்கச் சதுரங்கக் கட்டம் வரைந்திருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அப்போது பாதிச் சென்னை அங்கே நின்று செல்ஃபி எடுத்தது. கட்டத்தில் கால் வைத்தும் தாண்டியும் குதிக்கும் குழந்தைகள், அவர்களைப் பார்த்துக் கத்தும் அம்மாக்கள், ஹாரன் அடிக்கும் டூவீலர்கள் எல்லாம் அந்தப் படங்களில் இருக்கின்றன. எனக்கு அதில் ஒன்றைக் கொடுங்கள். காலண்டர் படம் பத்துக்குப் பதிலாக வாங்கிக்கொள்கிறேன்.

அரசாங்கம் நிறுத்திய வேலை

ஆசைக்குப் படம் எடுப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1839 ஆகஸ்ட் 19-ல் பாரிஸில் டாகெரின் புகைப்பட முறை வெளியிடப்பட்டு இருபது வருஷம் ஆவதற்குள் மெட்ராஸில் போட்டோகிராஃபிக் சொசைட்டி தொடங்கிவிட்டது. தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர் தொழிலால் டாக்டர். 1850-ல் ஓவியப் பள்ளி ஆரம்பித்தவரும் அவர்தான். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் வேர் அது. சொசைட்டி இன்றைக்கும் இயங்குகிறது.

அதே காலத்தில் கம்பெனி அரசாங்கம் லினியஸ் ட்ரைப் என்ற ராணுவ கேப்டனை அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது. 1858-ல் அவர் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை என்று சுற்றி எடுத்த படங்கள் இன்றும் பிரமிக்கவைப்பவை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடிக்கும் அதிக நீளத்தில் ஒரே படமாக்கினார். நம் போனில் பனோரமா என்று இழுக்கிறோமே, அந்த வேலையை மெழுகு தடவிய காகித நெகட்டிவில் செய்தார். 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், நம் நிதி நிலைக்கு இதெல்லாம் ஆடம்பரம் என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார். செலவைக் குறைக்க எல்லாக் காலத்திலும் முதலில் கைவைக்கும் இடம் இதுதான் போலிருக்கிறது.

அரசாங்கம் நிறுத்தலாம். ஆசைக்கு எடுப்பவரை யார் நிறுத்துவது? நகரத்தின் படப் பதிவு அறுபடாமல் வந்திருப்பது அவர்களால்தான்.

வெயில் சொன்னபடி

எங்கே போகலாம், எப்போது போகலாம் என்பதற்கு வருவோம். புத்தகங்களில் 'கோல்டன் அவர்' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் குளிர் தேசத்துக் கணக்கு. அங்கே சூரியன் சாய்வாக, சோம்பலாக ஏறும். நமக்குச் செங்குத்தாக ஏறிவிடும். அந்தப் பொன் வெயில் அரை மணி நேரம் தங்கினால் பெரிய விஷயம். சென்னையில் மே கடைசியில் 5.40 வாக்கில் விடிந்துவிடும். ஜனவரி கடைசியில் 6.35 ஆகும். குடும்பத்தோடு போக ஜனவரிதான் நல்லது. பிள்ளைகளை எழுப்ப ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், வெயிலும் சாந்தம்.

மெரினா ஓரக் கட்டடங்கள் கடலைப் பார்த்து நிற்பவை. செனட் ஹவுஸ், மாநிலக் கல்லூரி, 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ்கட்டியைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ் எல்லாவற்றுக்கும் காலையில்தான் முகத்தில் வெளிச்சம். மாலையில் போனால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இறங்கும். கட்டடம் கறுப்பாக, வானம் வெள்ளையாக வரும். மயிலாப்பூர்க் குளம் இதற்கு மாறு. குளம் கபாலீஸ்வரர் கோயிலுக்கு மேற்கே இருப்பதால், ராமகிருஷ்ண மடம் சாலைப் பக்கம் நின்று கோபுரத்தைப் பார்க்க மாலைதான் சரி. கோயிலுக்குள் எடுக்கலாம் என்று நினைத்து வராதீர்கள். தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. மாடவீதியிலேயே எடுத்து முடியாத அளவு இருக்கிறது. அதிலும் பங்குனி அறுபத்துமூவர் அன்று கூட்டமே உங்களைத் தள்ளிக்கொண்டுபோய் நல்ல இடத்தில் நிறுத்திவிடும், அல்லது நிறுத்தாது.

ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் வருஷத்துக்கு இரண்டு முறை நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில் செங்குத்தாக நிற்கும் கம்பத்துக்கு நிழலே இருக்காது. படம் எடுக்க மோசமான வெளிச்சம், பிள்ளைகளுக்குக் காட்ட அற்புதமான வெளிச்சம். ஆகஸ்ட் 18 முடிந்த மறுநாள் உலகப் புகைப்பட தினம், 22-ம் தேதி மெட்ராஸ் தினம். 1639-ல் இந்த நிலத்துக்குப் பேச்சு முடிந்த நாளாக வைத்து 2004-லிருந்து கொண்டாடுகிறார்கள். அந்த வாரம் நகரத்தில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு மரபு நடையில் மோதிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு இடம் சொல்லுங்கள் என்று கேட்டால் நான் சொல்வது ஜார்ஜ் டவுன். அதுவும் இரண்டு தடவை. முதல் தடவை ஞாயிறு காலை. ஷட்டர் எல்லாம் மூடிக் கிடக்கும்போதுதான் கடைகளுக்கு மேலே வீடுகள் இருப்பதே கண்ணில் படும். மரக் கைப்பிடி வைத்த பால்கனி, நெற்றியில் வருஷம் பொறித்த சுதை வேலை, மாடியில் காயும் புடவை. பாரிமுனையில் ஆரம்பித்து ஆர்மேனியன் தெருவுக்குள் நுழைந்தால் 1772-ல் கட்டிய ஆர்மேனியன் சர்ச். பட்டுக்கும் ரத்தினத்துக்கும் வந்த வியாபாரிகள் கட்டியது. வாசலுக்கு உள்ளே போனதும் பாரிமுனைச் சத்தம் நின்றுவிடும். அடுத்து தம்பு செட்டித் தெரு காளிகாம்பாள் கோயில். 1677-ல் சத்ரபதி சிவாஜி வந்து கும்பிட்டதாக எழுதியே வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து பவழக்காரத் தெரு. பிறகு தங்கசாலைத் தெருவில் சவுக்கார்பேட்டை ஜிலேபி. உண்மையைச் சொன்னால், வருகிறவர்களில் பாதிப் பேர் நடப்பதே இதற்காக.

இரண்டாம் தடவை வேலை நாளில் போங்கள். இப்போது மாடி எதுவும் தெரியாது, மனிதர்கள்தான் தெரிவார்கள். ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை தேர்ந்தெடுக்கும் இரண்டு சம்பந்தி வீட்டார் எந்த நிறம் என்பதில் முறைத்துக்கொண்டிருப்பார்கள். மொத்தப் பூ வியாபாரம் 1996-ல் கோயம்பேடு போனபிறகும் பத்ரியன் தெருவில் சாமந்தி மூட்டை இறங்கத்தான் செய்கிறது. மீன்பாடி வண்டிக்காரர் "சைடு, சைடு" என்று கத்தியபடி உங்கள் ட்ரைபாடைத் தட்டிவிட்டுப் போவார். தப்பு உங்களுடையதுதான். பிழைப்பு நடக்கும் தெருவில் மூன்று காலை விரித்து வைத்துக்கொண்டு நிற்பது என்ன மரியாதை?

மரியாதை என்றதும் இன்னொன்று. தெருவில் தூங்குகிறவரை, கையேந்தும் கிழவியைத் தூரத்தில் இருந்து பெரிய லென்ஸால் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி 'வாழ்க்கை' என்று தலைப்புப் போடுவதை இனிமேலாவது விட்டுவிடலாம். "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் சென்னையில் மறுப்பவர் குறைவு. கேட்டதும் விறைப்பாகிவிடுவார்கள் என்பது உண்மைதான். முதல் படம் விறைப்பாக வரட்டும். பேச்சுக் கொடுங்கள், நாலாவது படம் சரியாக வரும். மற்றவர் குழந்தையை எடுக்கும் முன் பெற்றவரிடம் கேட்பது கட்டாயம். காசிமேட்டில் எடுத்தால் அடுத்த தடவை போகும்போது ஒரு மேக்ஸி சைஸ் பிரிண்ட் போட்டு எடுத்துப் போங்கள். அதை வாங்கிய அக்கா பக்கத்துக் கூடைக்காரர்களுக்கெல்லாம் காட்டுவார். அதன்பிறகு அந்தத் துறைமுகத்தில் உங்களை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். எல்லோரும் தங்களையும் எடுக்கச் சொல்வார்கள்.

தண்டவாளத்தில் நின்று எடுக்கும் படம் மட்டும் வேண்டாம். ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி அது குற்றம் என்பதைவிட, அப்படிப் போன பிள்ளைகளைப் பற்றிய செய்தி வந்துகொண்டே இருக்கிறது.

"ஒரு நிமிஷம்"

குடும்பத்தில் சண்டையைக் கிளப்பும் சொற்களில் இதற்கு முக்கிய இடம் உண்டு. கேமராக்காரர் "ஒரு நிமிஷம்" என்பார். மேகம் விலகும் வரை நிற்பார். பிள்ளைக்குப் பசிக்கும், மாமியாருக்கு முட்டி வலிக்கும், மனைவி "அந்த ஜன்னலை எடுத்தது போதும், எங்களையும் கொஞ்சம் எடுங்க" என்பார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. தீர்வாக நான் கண்டது ஒன்றுதான்: வெளிச்சத்துக்காகக் காத்திருக்கும் படங்களை நண்பர்களோடு போகிற நாளுக்கு ஒதுக்கிவிட வேண்டும். குடும்பத்தோடு போகிற நாளில் குடும்பம்தான் படம். இடம் பின்னால் தானாக விழும். நண்பர்களோடு போனாலும் டிபனுக்கு முன்னால் எல்லோரையும் நிற்கவைத்து ஒன்று எடுங்கள். ஒவ்வொருவரும் கொண்டுவரும் ஐந்நூறு படங்களில் கடைசியில் எல்லோரும் கேட்டு வாங்குவது அந்த ஒன்றைத்தான்.

இன்னொரு குறை, எடுப்பவர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். ஆல்பத்தைப் புரட்டினால் அப்பா ஊட்டிக்கும் வரவில்லை, மகாபலிபுரத்துக்கும் வரவில்லை என்று தோன்றும். கேமராவைக் கைமாற்றுங்கள். குறிப்பாகப் பிள்ளைகளிடம் கொடுங்கள். வழுக்கிவிடும் என்ற பயமிருந்தால் வாரைக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். எட்டு வயசுக் குழந்தையின் கண் உயரத்தில் சென்னை வேறு ஊர்: நாய்களின் முகம், பஸ் டயர், இளநீர்க்காரரின் அரிவாள், பெரியவர்களின் இடுப்பு. பாதி ஆடிப்போயிருக்கும். மீதிப் பாதியை உங்களால் எடுத்திருக்கவே முடியாது.

கேமரா இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம், போன் போதும். சொல்லப்போனால் ஒரு விஷயத்தில் போன்தான் மேல். இருப்பிட வசதியை ஆன் செய்திருந்தால் தேதி, நேரத்தோடு இடத்தையும் அதுவே குறித்துக்கொள்ளும். இதைக் கெடுப்பது நாம்தான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், அந்தக் குறிப்புகளும் உதிர்ந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். குடும்பக் குரூப்பில் வந்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரிஜினலை அழித்துவிட்டவர்கள் ஏராளம்.

இந்த வருஷம் உடனே எடுக்க வேண்டியவையும் உண்டு. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி கலங்கரை விளக்கத்தில் தொடங்கி கச்சேரி சாலை, லஸ், பனகல் பூங்கா, கோடம்பாக்கம், வடபழனி வழியாகப் பூந்தமல்லி போகிறது. இந்த வரிசையில் எத்தனை தெருமுனைகள் அடையாளம் மாறிவிட்டன என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தகரத் தடுப்பு, கிரேன், பாதை மாற்றிவிட்ட போர்டு, அதற்கு நடுவிலும் கடையைத் திறந்து வைத்திருக்கும் பூக்காரர் என்று யாருக்கும் பிடிக்காத காட்சி இது. தடுப்பை எடுத்ததும் இப்படி ஒன்று இருந்ததையே மறந்துவிடுவோம். அழகாக இல்லை என்று கேமராவை உள்ளே வைக்காதீர்கள். சுவரில் எந்தப் படத்தின் போஸ்டர், டீக்கடைப் பலகையில் டீ என்ன விலை, பஸ்ஸின் நம்பர் என்ன என்பதெல்லாம் ஃப்ரேமுக்குள் வரட்டும். பெரியப்பாவையும் சித்தியையும் அதற்கு முன்னால் நிறுத்துங்கள்.

எடுத்ததில் வருஷத்துக்கு ஒரு முப்பத்தாறையாவது பிரிண்ட் போட்டுவிடுங்கள். பழைய ரோல் கணக்கு. பின்பக்கம் எழுதும்போது பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தடித்துத் தெரியும். மென்மையான பென்சில் நல்லது. வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காவிட்டால் சிடியில் எழுதும் மார்க்கர் வாங்கி, காய்ந்தபின் அடுக்குங்கள். அழகான வாசகம் எதுவும் வேண்டாம். லஸ் முனை, மெட்ரோ வேலை நடக்கும்போது. தை மாதம், இன்ன வருஷம். இடமிருந்து வலம்: பெரியப்பா, சித்தி, தாத்தா, அப்பா. எடுத்தது: அம்மா.